ஒரு மூடி கசப்பு

ஜூன் 3, செவ்வாய்

ஓட்டலில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. இதுவரை இதில் சர்க்கரைப் பாகு அளவும் ஐஸ் மெஷின்காரர் போன் நம்பரும்தான் எழுதியிருக்கிறேன். இனிமேல் ஒழுங்காக எழுத வேண்டும் என்று அம்புரோஸ் அண்ணா உத்தரவு. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். மயக்கத்தில் கிடக்கும்போது ஊரில் நடந்த எதுவும் விட்டுப்போகக் கூடாதாம். மனுஷனுக்கு ஈரல் போனாலும் வம்பு போகாது.

எழுதுவது என்று ஆன பிறகு முதலிலிருந்தே எழுதுகிறேன். என் பெயர் மரகதவல்லி. புதுச்சேரியில் கடற்கரைக்குப் பின்தெரு ஓட்டல் ஒன்றின் பாரில் காக்டெயில் கலக்குகிறேன். பொம்பளைக்கு இது என்ன வேலை என்று கேட்டவர்களே இப்போது என் கையால்தான் வேண்டும் என்கிறார்கள். அம்புரோஸ் அண்ணா கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சினிமாப் பைத்தியம். நாங்கள் இருவரும் சேர்ந்து இணையத்தில் ‘படமும் கோப்பையும்’ என்று ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்துகிறோம். மாதம் ஒரு படம். அவர் படத்தைப் பற்றிப் பேசுவார். நான் அதற்குப் பொருத்தமாக ஒரு பானம் கலந்து, ஏன் இது என்று சொல்வேன். எங்களுக்குள் ஒத்தே போகாது. அந்தச் சண்டையைக் கேட்கத்தான் ஜனம் வருகிறது.

அண்ணாவின் ஈரல் சுருங்கிவிட்டது. குடிதான், வேறென்ன. மகள் செலின் தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுக்கிறாள். ஜூலை நடுவில் ஆபரேஷன். அதுவரை ஒரு சொட்டு மது கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டுச் சிறுநீர் எடுத்துச் சோதிப்பார்கள். அவர் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்கு நானே சாட்சி.

ஆபரேஷனுக்கு முன் ஒரு நிகழ்ச்சியாவது முடித்துவிட வேண்டும் என்கிறார். படம் ‘ஈத்து’. வாழ்க்கைமேல் ஆசை வரவைக்கிற படம் என்று ஊரே தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறது. அந்த மாதிரிப் படமே எனக்கு ஆகாது.

ஜூன் 5, வியாழன்

இன்று எனக்கு வார விடுமுறை. மதியமே குருசுக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். வீட்டுச் சாவி ஒன்று என்னிடமும் இருக்கிறது, செலின் கொடுத்தது. உப்பில்லாமல் கஞ்சி வைத்து, அவர் முகம் சுளிப்பதைப் பார்க்காத மாதிரி துணியைக் காயப்போட்டு, பிறகு படம் பார்த்தோம்.

வேலையும் போய் குடும்பமும் போன ஒரு மனிதர் கடலோரத்தில் வாடகைக்கு வீடு எடுக்கிறார். பெட்டியைத் திறந்தால் மாற்றுத் துணி ஒன்றுகூட இல்லை. எதற்கு வந்திருக்கிறார் என்று அதிலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டுக்கார அம்மாவுக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போய், சினையாட்டை இவரிடம் விட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஆடு ஈனட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் தள்ளிப்போடுகிறார். குட்டி குறுக்கே சிக்கிக்கொள்கிறது. கையை விட்டுத் திருப்பி எடுக்கிறார். கடைசியில் தழை விற்க வருபவரிடம், “நாளைக்கும் ஒரு கட்டு போடு” என்கிறார். படம் முடிந்தது.

அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. சாக வந்தவனை ஓர் ஆட்டுக்குட்டி காப்பாற்றிவிடுமா என்று கேட்டேன். எங்கள் வீட்டில் பசுவே இருந்தது. அதற்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் என் தம்பி தோப்புக்குப் போனான், உயிரோடு திரும்பவில்லை. அதை அண்ணாவிடம் சொல்லவில்லை. படம் பொய் சொல்கிறது என்று மட்டும் சொன்னேன். ரெக்கார்டிங்கில் இதே கோபத்தோடு பேசச் சொல்லிச் சிரித்தார்.

ஜூன் 8, ஞாயிறு

படம் பொய்யாக இருந்தாலும் பானம் பொய்யாக இருக்கக் கூடாது. இரண்டு நாள் யோசித்துத் திரிந்த பால் என்று முடிவு செய்தேன். டீ டிகாக்‌ஷன், எலுமிச்சைச் சாறு, வெல்லப்பாகு, ரம் எல்லாம் கலந்து காய்ச்சிய பாலில் ஊற்றினால் பால் திரிந்துவிடும். பார்ப்பவர்கள் கெட்டுப்போச்சு என்று பதறுவார்கள். பதறாமல் துணியில் ஊற்றிச் சொட்ட விட்டால் காலையில் கண்ணாடி மாதிரி தெளிந்து இறங்கியிருக்கும். பாலின் மெத்தென்ற குணம் மட்டும் நாக்கில் நிற்கும். அண்ணா அதற்குச் ‘சீம்பால்’ என்று பெயர் வைத்தார்.

அவருக்கு ரம் இல்லாமல் தனியாகச் செய்தேன். வாயில் வைத்தால் சப்பென்று இருந்தது. வழக்கமாக நாலு சொட்டு உதறுகிற கசப்பை ஒரு மூடி நிறைய ஊற்றினேன், ருசி எழுந்து நின்றுவிட்டது. கசப்பு நானே ஊறவைப்பது. கிச்சிலி ஆரஞ்சுத் தோல், வெட்டிவேர், பட்டை, கொத்தமல்லி. எங்கள் தொழிலில் அது உப்பு மாதிரி. சரக்கு அலமாரியில் அதற்கு இடம் கிடையாது. சர்க்கரை, உப்பு, எலுமிச்சையோடு மேடைமேல் கிடக்கும். பிள்ளைகளுக்குப் போடும் லெமன் சோடாவில்கூட ரெண்டு சொட்டு உதறுவேன்.

அண்ணா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

“என்ன மரகதம், தொண்டைல லேசா சுடுது?”

“இஞ்சிண்ணா. தட்டிப் போட்டிருக்கேன்.”

குடித்த மாதிரியே இருக்கிறது, ஆனால் குடிக்கவில்லை, நீ கெட்டிக்காரி என்றார். ஒரு வருஷமாக எதைக் கொடுத்தாலும் கழுவுநீர் என்று சொன்ன வாய் அது. கிளாஸைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, படத்து வசனத்தையே திருப்பி, “நாளைக்கும் ஒன்னு போடு” என்றார். எனக்கு அப்படியொரு பெருமை.

ஜூன் 10, செவ்வாய்

ஐஸ் மெஷின் மறுபடி படுத்துவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் அண்ணாவுக்கு ரம் இல்லாத சீம்பாலைப் பிளாஸ்க்கில் கொடுத்தேன். இனி தினமும் இதே வழக்கம்.

ஜூன் 15, ஞாயிறு

செலின் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அவளுக்கும் சோதனை எல்லாம் முடிந்துவிட்டது; ஈரல் பொருந்துகிறது. அப்பாவுக்கு மீன் ஆகாது என்பதால் அவளும் மீன் தொடாமல் கஞ்சியே குடித்தாள். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும்போது என்னிடம் பேசினாள். அவளுடைய அம்மா ரெஜினா மூச்சுத் திணறிக் கிடந்த அன்று அப்பாவால் எழுந்து வண்டி எடுக்கக்கூட முடியவில்லை. ஆட்டோ கிடைத்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு வருஷம் அப்பாவோடு அவள் பேசவில்லை. குடியை விட்டுவிட்டார் என்று நான் சொன்ன பிறகுதான் போன் எடுத்தாள்.

“நீங்க சொன்னதை நம்பித்தான் அத்தை வந்தேன். வயித்தக் கிழிச்சுக்கறதுக்குப் பயமில்ல. மறுபடியும் ஏமாத்தினாருன்னா மட்டும் தாங்க மாட்டேன். போயிடுவேன்.”

அவர் ஏமாற்ற மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பிளாஸ்க்கைக் கண்டு அதென்ன என்று கேட்டாள். நன்னாரி மாதிரி ஒன்று, மது கிடையாது என்றேன். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 21, சனி

பாதி ரெக்கார்டிங் முடிந்தது. நான் போட்ட சண்டையில் அண்ணாவே கொஞ்சம் மிரண்டுவிட்டார். சாகிற எண்ணத்தை ஒரு குட்டியாட்டை வைத்துத் துடைத்துவிடலாம் என்றால் ஊரில் யாருமே செத்திருக்க மாட்டார்களே என்றேன். அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார், சொல் சிக்கவில்லை. கையை ஆட்டிக்கொண்டே தேடினார். அது கிடைக்காமல், “விடு ரெஜினா, அப்புறம் சொல்றேன்” என்றார்.

ஈரல் கெட்டால் நஞ்சு ரத்தத்தில் ஏறி மூளையைக் குழப்பும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். நான் மரகதம் என்று திருத்தவில்லை. மிச்சத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மெஷினை அணைத்தேன்.

ஜூன் 27, வெள்ளி

சோதனையில் மது தெரிந்திருக்கிறது.

செலின் போனில் சொன்னாள். குரலில் அழுகைகூட இல்லை. ஆபரேஷனை நிறுத்திவைத்துவிட்டார்களாம்.

வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் குருசுக்குப்பத்துக்கு ஓடினேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. பெற்ற பெண் வயிற்றைத் திறந்து கொடுக்க வருகிறாள், உங்களுக்கு நாக்கு அடங்கவில்லையா என்று கேட்டேன். ரெஜினாவைக் கொன்றது போதாதா என்றும் கேட்டேன். பீரோ, கட்டிலடி, தண்ணீர்த் தொட்டி, அரிசிப் பானை எல்லாம் துழாவினேன். ஒரு புட்டியும் கிடைக்கவில்லை. ஒளித்துவைக்கத் தெரிந்தவர் என்று நினைத்தேன்.

“நான் குடிக்கல மரகதம்.”

இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்பவில்லை. பாரில் இத்தனை வருஷம் நின்றவளுக்குக் குடிகாரன் சத்தியம் தெரியாதா.

ஜூன் 28, சனி

போகவில்லை. கல்யாணப் பார்ட்டி. நிற்க நேரமில்லை.

ஜூலை 1, செவ்வாய்

மனசு கேட்காமல் போனேன். பிளாஸ்க்கும் கொண்டுபோனேன், கோபம் வேறு அது வேறு. அவருக்குக் கால் வீங்கியிருந்தது. கண் மஞ்சள். ஒரு சந்தேகம் கேட்கிற மாணவன் மாதிரி என்னைப் பார்த்தார்.

“மரகதம், நான் குடிச்சேனா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தனக்கே தெரியவில்லை என்கிறார். சில மதியங்கள் எங்கே போகின்றன என்று தெரியவில்லையாம். பால்காரர் வந்ததும் போனதும் நினைவில்லையாம். அப்படி ஒரு நேரத்தில் கீழே இறங்கிப்போய் வாங்கிக் குடித்திருப்பேனோ என்கிறார். ஆஸ்பத்திரி மெஷின் பொய் சொல்லாதில்லையா என்கிறார்.

நான் யோசித்தேன். மறுத்துக்கொண்டே இருந்தால் செலினுக்கு இன்னும் வெறுப்புத்தான் வரும். ஒரு தடவை தப்பு நடந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டு அழுதால் மகள் மனசு இளகும். குடித்தீர்கள் அண்ணா, ஒத்துக்கொள்ளுங்கள், அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்று சொன்னேன். மெதுவாகத் தலையாட்டினார். பிளாஸ்க்கில் இருந்ததை முழுக்கக் குடித்தார்.

ஜூலை 5, சனி

நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் செலினோடு போனில் பேசினார். சொல்லவேண்டியதை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார், மறந்துவிடும் என்று. “அப்பா குடிச்சிட்டேன்மா. ஒரு தடவ. மன்னிச்சிடு.”

மறுமுனையில் செலின், “சரிப்பா” என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள். இனி என்னால் முடியாது, ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டேன், அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள் அத்தை என்று. என் கணக்கு தப்பாகிவிட்டது.

ஜூலை 9, புதன்

மதியம் கூட்டமில்லை. ஓர் அம்மா பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தார். மருந்து சாப்பிடுகிறேன், மது சேராமல் ஏதாவது கொடு என்றார். எலுமிச்சையும் வெல்லமும் சோடாவும் கலந்து, கசப்பு ரெண்டு சொட்டு உதறி வைத்தேன். அந்தப் புட்டியில் என்ன என்று கேட்டார். கிச்சிலித் தோல், வெட்டிவேர், பட்டை, கொத்தமல்லி என்று ஒப்பித்தேன். எதில் ஊறவைத்தது என்று கேட்டார்.

ரம்மில் என்று சொன்னேன். இருக்கிறதிலேயே காட்டமான ரம்மில்.

அந்த அம்மா ஒன்றும் கோபப்படவில்லை. கிளாஸை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, வெறும் இளநீர் போதும் என்றார். கிளாஸைக் கழுவினேன். இன்று வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 10, வியாழன்

கசப்புப் புட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். எத்தனை தடவை கழுவினாலும் வாசனை போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். அலமாரியெல்லாம் துடைத்தேன். பழைய புடவை நாலு கிழித்துப் பிடிதுணி தைத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

அண்ணா வீட்டுக்குப் போனேன். பிளாஸ்க்கில் வெறும் டீயும் எலுமிச்சையும் வெல்லமும்தான். ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தார்.

“இன்னைக்கு சுடலையே.”

இஞ்சி தீர்ந்துவிட்டது என்றேன். பரவாயில்லை என்று மிச்சத்தையும் குடித்தார். நகம் வெட்டிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள் இது. எழுத ஒன்றும் இல்லை. ஐஸ் மெஷின் நன்றாக ஓடுகிறது.

ஜூலை 17, வியாழன்

விடியும்போது பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். காய்ச்சல் கொதிக்கிறது, ஆளே அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார் என்றார். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வயிற்றில் நீர் கோத்து அதில் கிருமி சேர்ந்துவிட்டதாம். இந்த நிலையில் யார் ஈரல் கொடுக்க முன்வந்தாலும் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். போன வாரம் என்றால் பேசியிருக்கலாம் என்றார்.

போன வாரம் நான் பிடிதுணி தைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

நான்தான். எழுதிவிட்டேன், போ.

நான்தான் அவருக்குக் கொடுத்தேன். தினமும் ஒரு மூடி, கூடக் கொஞ்சம். ரம்மில் ஊறியதை உப்பு என்று நினைத்துக் கொடுத்தேன். இந்தத் தொழிலில் இருபது வருஷம் கசப்பைக் கணக்கில் சேர்க்காமலே நின்றுவிட்டேன். வேறு யாராவது என்றால் புட்டியை மோந்து பார்த்திருப்பார்கள். என் மூக்குக்கு அது பழகிப்போய்விட்டது. தெரியாமல் செய்தது அது. ஒன்பதாம் தேதி அந்த அம்மா கிளாஸைத் தள்ளிவைத்ததிலிருந்து எல்லாம் தெரிந்துதான் மறைத்தேன். அன்றே செலினைக் கூப்பிட்டிருந்தால் அவள் பஸ் ஏறியிருப்பாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன். என் பயத்துக்கு அவர் உயிர் போகிறது.

நாளை சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 19, சனி

மதியம் கொஞ்சம் தெளிவாக இருந்தார். என்னை மரகதம் என்றே கூப்பிட்டார். நர்ஸ் போன பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“அண்ணா, நீங்க குடிக்கல. நான் தினம் கொண்டாந்தேனே, அதுல ஊத்தின கசப்பு ரம்முல ஊறினது. எனக்குத் தோணவே இல்ல. சோதனைல தெரிஞ்சது அதுதான்.”

திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“அப்ப நான் குடிக்கல?”

“இல்லண்ணா.”

“குடிச்சேன்னு பாப்பாகிட்ட சொன்னேனே.”

“நான்தான் சொல்லச் சொன்னேன்.”

அடிப்பார், திட்டுவார், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அழுதார். சந்தோஷத்தில் அழுதார். அதைப் பார்ப்பதைவிட நான் செத்திருக்கலாம். எங்கே குடித்தேன், யாரோடு குடித்தேன் என்று தினமும் படுத்தபடி யோசித்துப் பார்ப்பாராம். ஒன்றும் நினைவுக்கு வராதாம். ரெஜினா போன அன்றைக்கு மாதிரியே மறுபடியும் ஆகிவிட்டேன் என்று தன்னையே காறித் துப்பிக்கொண்டிருந்தாராம். இப்போது அந்தப் பாரம் இறங்கிவிட்டது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நன்றி சொன்னார், பாவி மனுஷன்.

பிறகு, எப்போது உனக்குத் தெரியும் என்று கேட்டார். ஒன்பதாம் தேதி என்றேன். கையை எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்துச் செலினுக்கு போன் போடச் சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

செலின் வந்துவிட்டாள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். டாக்டரிடம் போய், இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினாள். கிருமி அடங்கினால் பார்க்கலாம் என்றார்கள்.

வராண்டாவில் என்னிடம் வந்தாள். நான் எழுந்து நின்றேன்.

“கசப்பு ஊத்தினதுகூட தெரியாம செஞ்சது. அவர ஒத்துக்க வச்சீங்களே. குடிக்காதவர் வாயால குடிச்சேன்னு சொல்ல வச்சீங்களே. அத எப்படி நான் மறக்கறது?”

அத்தை என்று சொல்லவில்லை.

ஜூலை 24, வியாழன்

‘ஈத்து’ பேச்சை முடித்துவிட வேண்டும் என்று அண்ணா பிடிவாதம். கேட்பவர்கள் காத்திருப்பார்களாம். செலின் தலையாட்டியதால் போனை அவர் நெஞ்சின்மேல் வைத்து ரெக்கார்டிங் போட்டேன். நான் சண்டை போடத் தயாராக இல்லை. கேள் என்றார். அன்றைக்குக் கேட்டதையே கேட்டேன், ஓர் ஆடு மனுஷனைக் காப்பாற்றுமா என்று.

வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது.

“ஆடு காப்பாத்தல மரகதம். அந்தம்மா அவன்கிட்ட ஆட்ட விட்டுட்டுப் போனாங்கல்ல. இவன் பாத்துக்குவான்னு ஒருத்தர் நம்பினாங்க. அதான் படம்.”

என் தம்பியிடம் நாங்கள் எதையும் நம்பி விட்டதில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று வீட்டுச் சாவியைக்கூடக் கொடுக்க மாட்டோம். இதை ரெக்கார்டிங்கில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதில் சீம்பால் எப்படிச் செய்வது என்று சொன்னேன். கசப்பு மதுவில் ஊறியது, குடியை விட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, நான் கொடுத்தேன் என்றும் சொன்னேன். அண்ணா வேண்டாம் என்று கையசைத்தார். செலின் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

அம்புரோஸ் அண்ணா போய்விட்டார்.

ஜூலை 30, புதன்

அடக்கம். நல்ல வெயில். அவரிடம் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். வரிசையில் கடைசியாக நின்று மண் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் செலின் என் வீட்டுக்கு வந்தாள். இதற்கு முன் வந்ததில்லை. விலாசம் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறாளாம். அப்பா வீட்டுச் சாவி வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கைப்பையில் போட்டுக்கொண்டு, கிளம்பாமல் நின்றாள்.

“அவருக்குக் குடுத்தத எனக்குச் செஞ்சு குடுங்க. அதே மாதிரி.”

புட்டியைத்தான் கழுவிவிட்டேனே என்றேன். வேறு இல்லையா என்றாள். இருந்தது. அடுத்த மாதத்துக்கு என்று மேல் அலமாரியில் ஊறப் போட்ட ஜாடி. எறிய மனசு வராமல் வைத்திருந்தேன், அது ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பால் திரித்துத் தெளியவிட நேரமில்லை. டீயும் எலுமிச்சையும் வெல்லமும் கலந்தேன், இஞ்சி தட்டிப் போட்டேன். மூடியை நிறைத்து ஊற்றும்போது வழிந்து மேடையில் சிந்தியது.

நின்றபடியே குடித்தாள். முதல் வாயிலேயே முகம் மாறியது. கிளாஸை வைத்துவிடுவாள் என்று பார்த்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

“இவ்ளோ சுடுதே. குடிச்சுப் பழகினவருக்கு இது தெரியாமயா போச்சு?”

“கேட்டாரும்மா. முதல் நாளே கேட்டாரு. நான் இஞ்சின்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“நம்பிட்டாரு.”

கிளாஸை அவளே குழாயடியில் கழுவிக் கவிழ்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். தெருமுனை வரை கூடப் போனேன். ஆட்டோ ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து மேடையில் சிந்தியிருந்ததைத் துடைத்தேன்.